போன வருடப் பாட்டு கிடையாது

கடவுளுக்குப் பாட்டு தெரியாது, பாட்டு நம்பர்தான் தெரியும் என்று சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பலகை மறந்திருக்காது. கத்தோலிக்கக் கோயில்களில் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் கறுப்புப் பலகை. தகரத்தில் வெட்டி வெள்ளை பெயின்ட் அடித்த எண்களை, பூசை தொடங்கும் முன், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி அதில் செருகுவார். வருகைப் பாடலுக்கு ஒரு நம்பர், காணிக்கைக்கு ஒன்று, நற்கருணை அப்பமான நன்மையை வாங்கும்போது ஒன்று. ஊரே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி அந்த நம்பரைப் பாடும். அதே ஊரில் தபால் ஆபீசில் ஒரு டெலிபோன் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் அதில் ஒரு நம்பரைச் சொல்லிக் கத்தினால் ஜெயங்கொண்டத்தில் யாரோ எடுத்துப் பேசுவார்கள். இரண்டையும் நானே சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பலகையில் நம்பரைப் போட்டால் மேலே மணி அடிக்கிறது. அவர் எடுக்கிறார். பாட்டெல்லாம் அவர் எடுக்கும்வரை நாம் பொழுதுபோக்குவதற்கு.

அப்படியானால் நம்பர் இல்லாத பாட்டு யாருக்குப் போகும்? என் வாழ்க்கையின் முதல் பீதி இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. அதற்கப்புறம் எத்தனையோ பீதிகள். காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியவன் நான். வீட்டில் இருந்தது மண்ணெண்ணெய் அடுப்பு. ஆனால் முதல் பீதிக்கு இருந்த சுத்தம் பிற்பாடு எதற்கும் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் நீங்கள்தான், நண்பர்களே. போன வாரம் பெரம்பலூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். நம் பங்குக் கோயிலில் இப்போது பாடுகிற பிள்ளைகள் ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சுற்றுலா போனார்களாம். கோட்டைக்குள் நின்று கை தட்டினார்களாம். சுவரில் பட்டுத் திரும்பிய சத்தத்தைச் செல்போனில் பிடித்துவந்து அதை வைத்து வருகைப் பாடல் போட்டுவிட்டார்களாம். "நீ அந்தக் காலத்துப் பாடற்குழு ஆளு. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா பங்குச் சாமி கேட்டுப்பாரு. பழைய பாட்டையே பாடச் சொல்லுவோம், வா" என்றீர்கள். நான் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற நீளமில்லை அது.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கைத்தட்டல் பாட்டைப் பூசையில் முதலில் கேட்டபோது எனக்கும் பழைய பீதி வந்தது. முன்பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பதறிப்போய், "என்னாங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல, புதுப்பாட்டு" என்றேன்.

"தண்ணி குடிங்க, சரியாயிடும்" என்றாள். சரியாகிவிட்டது.

நான் வளர்ந்த ஊர் ஆண்டிமடத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில், முந்திரித் தோப்புகளுக்குள் இருந்தது. நான் சொல்லப்போகிற பருவம் தவக்காலத்தில் தொடங்கி, மே மாதத்துக் கோயில் திருவிழாவில் முடிந்தது. எங்களுக்கு அது முந்திரிப் பருவம். காற்றில் பழுத்த பழத்தின் இனிப்பும், கொட்டை வறுக்கிற கொட்டகைகளிலிருந்து தொண்டையை அறுக்கும் புகையும் கலந்து வரும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனிகள் கறுத்திருக்கும். நன்மை வாங்க அவர்கள் கை நீட்டும்போது அந்தக் கறுப்பு உள்ளங்கையில் வெள்ளை அப்பம் ஒரு கணம் பளிச்சென்று தெரியும். அதற்கு நிகராக எந்த ஊர்க் கோயிலிலும் நான் ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த வருடம் பாடற்குழுவை நடத்திவந்த உபதேசியார் வயதாகி ஓய்ந்துவிட, என் அத்தை அதை எடுத்துக்கொண்டார். அப்பாவின் தங்கை. எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆர்மோனியம் வாசிப்பார். பாடகர்கள் என்று பார்த்தால் நாங்கள் ஒரு கும்பல் பிள்ளைகள். எல்லாப் பாட்டுக்கும் முதல் வரியை எடுத்துக்கொடுக்கிறவன் நான். என் குரல் அப்போது கோயில் மணியைவிட இரண்டு தெரு கூடுதலாகக் கேட்கும். நல்ல குரல் என்று சொல்லவில்லை. கேட்கும்.

முதல் நாள் ஒத்திகையிலேயே அத்தை சட்டம் போட்டுவிட்டார்.

"போன வருசப் பாட்டு இந்த வருசத் திருவிழாவுக்குக் கெடையாது. வாரா வாரம் வரும்போது ஆளுக்கு ஒரு அடி கொண்டாரணும்."

"என்ன அடி டீச்சர்?" என்று கேட்டாள் மளிகைக்கடைக்காரர் மகள். எங்கள் குழுவின் கெட்டிக்காரி. என் எதிரி.

"இந்த வாரத்துல உன் காதுல விழுந்து, போவாம உள்ளயே சுத்துற ஒரு சத்தம். மாடு ஓட்டுறவன் கூப்புடுறது, தையல் மிஷின் ஓடுறது, எதுவா வேணா இருக்கட்டும். இங்க வந்து வாயால பாடிக் காட்டு. அதுலேருந்து பாட்டு கட்டுவோம்."

"சினிமாப் பாட்டு?"

"அது ஏற்கெனவே ஒருத்தன் கட்டுன வூடு. நமக்கு செங்கல்லு வேணும்."

அடுத்த வாரம் பிள்ளைகள் செங்கல்லோடு வந்தார்கள். ஒருத்தன் தண்ணீர் இறைக்கிற கப்பியின் கிரீச்சைக் கொண்டுவந்தான். மளிகைக்கடைக்காரர் மகள், பங்குனித் திருவிழாவுக்காக மாரியம்மன் கோயில் தெருவில் பெண்கள் கும்மி பழகியதைக் கேட்டுவிட்டு, அதன் ஒரு திருப்பத்தை அச்சாகப் பாடிக்காட்டினாள். அத்தை ஆர்மோனியத்தை விட்டு எழுந்து அவள் கன்னத்தைக் கிள்ளினார். நான் என்ன கொண்டுவந்தேன் என்று கேட்டார்.

"மறந்துட்டேன் அத்தை."

"சத்தத்தையா மறந்த? காத வூட்லயா வெச்சுட்டு வந்த மருமவனே?"

குழு முழுக்கச் சிரித்தது. மளிகைக்கடைக்காரர் மகள் அவசியமில்லாமல் கூடுதல் நேரம் சிரித்தாள். நான் மறக்கவில்லை. எனக்கு ஒரு சத்தமும் காதில் விழவில்லை. உள்ளே பீதி ஓடிக்கொண்டிருந்தால் வெளிச்சத்தம் எங்கே கேட்கும்? இந்தப் பாட்டுக்கெல்லாம் நம்பர் கிடையாதே, இது எங்கே போய்ச் சேரும் என்பதே என் கவலை. கும்மி மெட்டு வேறு. நேராக மாரியம்மனுக்குப் போய்விட்டால், அந்தம்மா எடுத்து, யாரு பேசுறது என்று கேட்டால், எந்த முகத்தோடு பேசுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாடலாகக் கும்மி மெட்டைப் பாடுவதாக ஏற்பாடு. கோயில்பிள்ளை பலகையில் காணிக்கைக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார். அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி, கைக்குக் கிடைத்த தகரங்களை எடுத்துச் செருகிவிட்டு இறங்கினேன். ஏதோ ஒரு நம்பர். லைன் கிடைத்தால் போதும்.

அது அடக்கப் பூசைப் பாட்டின் நம்பர்.

காணிக்கை நேரம் வந்தது. பாடற்குழு கும்மி மெட்டில் துள்ளிக்கொண்டு கிளம்பியது. ஆண்கள் பக்கத்தில் நாட்டாண்மைக்காரர் பலகையைப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், உரக்கச் சாவுப்பாட்டை எடுத்தார். கோயில் காரியங்களைக் கவனிக்கிற ஊர்ப்பெரியவர் அவர். அவர் எடுத்தால் ஆண்கள் பக்கத்தில் பாடுகிறவர்கள் பின்னால் போவார்கள். நாங்கள் ஒரு பக்கம் கும்மியடிக்க, அவர்கள் ஒரு பக்கம் ஆத்துமத்தை வழியனுப்ப, நடுவில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, "யாருடி செத்தது? எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்று அழத் தொடங்கிவிட்டாள். அவள் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் அழுதாள். சாமியார் பீடத்தில் திராட்சை ரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

யார் செய்த வேலை என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. ஸ்டூல் பலகைக்குக் கீழேயே நின்றது. அதன் பக்கத்தில், ஏறும்போது நான் கழற்றிவிட்ட செருப்பு கிடந்தது.

அத்தை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். நாட்டாண்மைக்குச் சிரிப்பு வரவில்லை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில், வேப்பமரத்தடியில் அத்தையை நிறுத்தினார்.

"ஏம்மா டீச்சர், நம்பர் இல்லாத பாட்டு பாடுனா இந்த மாதிரி கூத்துதான் நடக்கும். அதுவும் அது மாரியம்மன் கோயில் மெட்டு இல்ல?"

"ஆமாங்க மாமா. நல்லாருந்துச்சுல்ல?"

"நல்லாருந்தா? கோயிலுக்குள்ள வந்து கும்மி அடிப்பியா?"

"மெட்டுக்கு யாரு மாமா ஞானஸ்நானம் குடுக்குறது? பழைய பாட்டுக்கு மட்டும் எந்தச் சாமி தண்ணி ஊத்துனாரு?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, நாட்டாண்மையின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவர் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொள்வார். அப்போது அப்படிச் செய்தார்.

"எம்மவன் குவைத்துலேருந்து டேப் ரிக்கார்டர் கொண்டாந்திருக்கான். நல்ல நல்ல கேசட்டு கெடைக்குது. மைக்கு முன்னாடி அத வெச்சா ஒரே சீரா வரும். பிசிறு கெடையாது. சாமிட்டயும் பேசிட்டேன். இந்தத் திருவிழாவுக்கு மட்டும் உன் பாட்டுக் கொழு பாடட்டும். சனம் கூடச் சேந்து வாயத் தொறந்து பாடுச்சுன்னா நான் ஒண்ணும் சொல்லல. ஊமை மாதிரி பாத்துக்கிட்டு நின்னுச்சுன்னா, அன்னையோட சரி. அப்பறம் கேசட்டுதான்."

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா சமாதானமாகப் போகச் சொன்னார். பழைய பாட்டில் நாலைப் பாடிவிட்டுப் போ, சனம் தானாகப் பாடும், குழுவும் தப்பிக்கும் என்றார். தப்பான யோசனை என்றும் சொல்ல முடியாது. அத்தை முறத்தில் இருந்த கொட்டைகளைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னார்.

"அண்ணே, பள்ளிக்கூடத்துல புஸ்தகத்துல எழுதுனத சொல்லிக் குடுக்குறேன். வூட்ல அவுங்க கேக்குறத ஆக்கிப் போடுறேன். நானா புதுசா ஒண்ணு செய்யிற எடம் இது ஒண்ணுதான். அங்கயும் போயி நேத்து செஞ்சதையே செய்யணும்னா, கேசட்டு என்ன, நான் என்ன?"

எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. ஆனால் குழு போய்விட்டால் அத்தையிடமிருந்து ஏதோ பெரிதாகப் போகும் என்பது புரிந்தது. அது எனக்கு நம்பர் பீதிக்கு மேல் இன்னொரு பீதியாக ஏறிக்கொண்டது. இரண்டு பீதி ஒன்றாக வந்தால் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. இரண்டுமே இருக்கும்.

வாரங்கள் ஓடின. என்னிடம் இன்னும் ஓர் அடி இல்லை. சாணை பிடிக்கிறவன் வந்தான். அவன் சத்தத்தை வேறொருவன் எனக்கு முன்னால் பாடிவிட்டான். மளிகைக்கடைக்காரர் மகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காதைத் தொட்டுக் காட்டி, "வூட்லயா இருக்கு?" என்று கேட்பாள். திருவிழாவுக்கான வருகைப் பாடல் மட்டும் பாக்கி. வந்த அடிகள் எதுவும் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "வருகைப் பாட்டுன்னா உள்ள கூப்புடணும். இதெல்லாம் நின்ன எடத்துலயே நிக்குது" என்று தள்ளிக்கொண்டேயிருந்தார்.

அப்பாவோடு கொட்டை மூட்டை போட ஆண்டிமடம் போனேன். மண்டியில் வேலை முடிந்து பஸ்ஸ்டாண்டில் நின்றோம். அரியலூர் போகிற பஸ் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஆள் சேர்த்தார். ஜெயங்கொண்டம் என்பதை இரண்டு தடவை மேலே ஏற்றுவார். உடையார்பாளையத்தைப் படிப்படியாகக் கீழே இறக்குவார். கடைசியில் அரியலூரை ஒரு பெருமூச்சு போல நீட்டி, தரையில் வைப்பார். ஆள் நகராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதைக் கேட்டு, போகவேண்டிய அவசியமே இல்லாத நானே அந்தப் பஸ்ஸை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டேன். அப்பா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

ஒத்திகையில் அதைப் பாடிக்காட்டினேன். ஊர்ப் பெயர்களோடு. பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். "அரியலூர் ஒண்ணு குடுங்க" என்று மளிகைக்கடைக்காரர் மகள் கையை நீட்டினாள். அத்தை சிரிக்கவில்லை.

"மறுவாட்டி பாடு."

பாடினேன். அத்தையின் விரல்கள் ஆர்மோனியத்தில் என் பின்னாலேயே வந்தன. ஏறின இடத்தில் ஏறின. இறங்கின இடத்தில் இறங்கின. கடைசி நீட்டலில் அவர் இடது கை துருத்தியை மெதுவாக மூடியது. ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு, செம்மண் ஒட்டிய காலோடு உன் வாசலுக்கு வந்துவிட்டோம், நகர்ந்து கொஞ்சம் இடம் கொடு என்ற பொருளில் அத்தை நாலு வரி எழுதினார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கேட்பதும் அதைத்தானே. பாடிப்பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. மளிகைக்கடைக்காரர் மகள் மட்டும், "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் இன்றுவரை பட்டம் மாதிரி வைத்திருக்கிறேன்.

பாடற்குழுவுக்கு அத்தை போட்ட இன்னொரு சட்டம், திருவிழா முடியும்வரை முந்திரிப்பழம் தொடக்கூடாது என்பது. பழம் தின்றால் தொண்டை கரகரத்துப்போகும். தோப்புக்குள் வாழ்கிற பிள்ளைக்கு இந்தச் சட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் நான் பீதியில் இருந்தேன். பீதி வந்தால் எனக்குப் பசிக்கும். இப்போதும் அப்படித்தான்; டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் ரிசல்ட் வருவதற்குள் நாலு பஜ்ஜி போய்விடும். அன்று உப்பைத் தொட்டுத் தொட்டு எத்தனை பழம் தின்றேன் என்று தெரியாது. சட்டையெல்லாம் சாறு. அந்தக் கறை துணி கிழியும்வரை போகாது.

காலையில் கோயிலில் அத்தை என் சட்டையைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"பேசு பாப்போம்."

"அத்தை" என்றேன். யாரோ கிழவன் என் வாய்க்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது.

மணி அடித்துவிட்டது. சாமியார் பீடத்துக்கு வருகிற பவனி வாசலில் நிற்கிறது. தேருக்குக் கட்டின மல்லிகை வாசனை, புதுச்சட்டைக் கஞ்சி வாசனை, வெளியே வெடிமருந்துப் புகை. நாட்டாண்மை முதல் வரிசையில் துண்டைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்க்கிறார். அத்தை வழக்கம்போல ஐந்து கட்டையில் சுருதி கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். சுருதி இருந்த உயரத்துக்குப் போகத் தொண்டை மறுத்துவிட்டது. எங்கே நின்றதோ அங்கிருந்து எடுத்தேன். பாதாளத்தில் இருந்தது அது. அத்தையின் கை ஆர்மோனியத்தின் இடது பக்கம் ஓடியது. துழாவி, என்னைப் பிடித்து, அங்கேயே நின்றது. பிள்ளைகள் தடுமாறி, அவர்களும் கீழே இறங்கி வந்தார்கள். பாட்டு பாதி வேகத்தில், கனமாக, தரையோடு தரையாக நகர்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன். கேசட்டுதான்.

இரண்டாம் தடவை அதே அடி வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. மூன்றாம் தடவை அது பாட்டாக இருந்தது. கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர்கள், தோப்புக் காவல்காரர்கள், கோயிலில் வாய் திறந்து நான் பார்த்தேயிராத ஆட்கள் எல்லாம் பாடினார்கள். பிறகு பெண்கள். நாட்டாண்மை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவர் குரல் எவ்வளவு நல்ல குரல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பவனி பீடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சனம் நிறுத்தவில்லை. சாமியார் கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

பூசை முடிந்து வேப்பமரத்தடிக்குக் கூட்டம் வந்தது. சாமியாரும் வந்தார். நாட்டாண்மையின் கண் கலங்கியிருந்தது.

"இதாம்மா டீச்சர் பாட்டு. இத எங்கேருந்து தேடிப் புடிச்ச? எங்கப்பா காலத்துல வெள்ளக்காரச் சாமி பாடுவாரே, ரோமாபுரி மெட்டு, அதேதான். எனக்கு மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு. பழசு பழசுதான். கேசட்டெல்லாம் வேணாம். கொழு ஒங்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனிமே வருசா வருசம் திருவிழாவுக்கு இந்தப் பாட்டுதான். ஒரு எழுத்து மாத்தக்கூடாது."

நான் அத்தையின் முந்தானையை இழுத்தேன். சும்மா இருங்கள் என்று அர்த்தம். ஆமாம் மாமா என்று தலையாட்டினால் போதும். குழு தப்பித்தது. என் கண்டக்டர், ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரச்சினை இல்லாமல் இருப்பார். அத்தை என் கையை முந்தானையிலிருந்து எடுத்துவிட்டார்.

"மாமா, அது ரோமாபுரி மெட்டு இல்லீங்க. ஆண்டிமடம் பஸ்ஸ்டாண்டுல இந்தப் பய கேட்டது. அரியலூர் பஸ்ஸு கண்டக்டரு ஆளு ஏத்துறது. போன மாசம்தான் கட்டுனோம்."

நாட்டாண்மை என்னை ஏற இறங்கப் பார்த்து முடிப்பதற்குள் அத்தை தொடர்ந்தார்.

"அப்பறம், அடுத்த வருசம் இது வராதுங்க. அடுத்த வருசத்துக்கு வேற."

நாட்டாண்மை துண்டை எடுத்து உதறினார். "பஸ்ஸுக்கு ஆள் கூப்புடுற மெட்டுல என்னைப் பாட வெச்சியா?"

"நான் எங்க பாட வெச்சேன். நீங்களாத்தான் பாடுனீங்க. ரொம்ப நல்லா பாடுனீங்க."

"இவ்ளோ நல்லாருக்கற பாட்டை எதுக்கும்மா தூக்கிப் போடணும்?"

"தூக்கிப் போடலீங்க. வூட்ல பாடுங்க, தோப்புல பாடுங்க, எங்க வேணா பாடுங்க. ஆனா இதையே புடிச்சுக்கிட்டு நின்னா, அடுத்த தடவ இந்தப் பய காத வூட்ல வெச்சுட்டு வந்துருவான்."

கொடுத்த வரத்தை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டாண்மை சாமியாரைப் பார்த்தார். அப்போ கேசட்டுதான் என்று அவர் வாய் திறப்பதற்குள் சாமியார் முந்திக்கொண்டார்.

"நீங்க வெச்ச பேச்சு என்னாங்க? சனம் பாடணும்னீங்க. பாடுச்சு. நீங்க பாடுனது எனக்கு பீடம் வரைக்கும் கேட்டுச்சு. பேச்சு பேச்சுதான்."

நாட்டாண்மை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேர்ப்பக்கம் போய்விட்டார்.

அவரை வில்லனாக வைத்துப் பல வருடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது அவர் வயது எனக்கு வந்துகொண்டிருக்கிறது, தொண்டையும் அவர் தொண்டையாகிவிட்டது. இப்போதுதான் பிடிபடுகிறது. உபதேசியார் காலத்திலிருந்து எங்கள் கோயிலில் எல்லாப் பாட்டும் பிள்ளைகள் குரலுக்கு ஏற்ற உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது பழைய பாட்டு அல்ல, தன் தொண்டைக்கு எட்டுகிற பாட்டு. அதை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. என் தொண்டையைக் கீழே இறக்கிய முந்திரிப்பழம்தான் கேட்டது.

அதனால் வாசலில் வந்து நின்ற நண்பர்களே, உங்களுக்கும் அதுதான் சங்கடம் என்றால் சொல்லுங்கள், நானே அந்தப் பிள்ளைகளிடம் போய், ரெண்டு கட்டை குறைத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா என்று கேட்கிறேன். சுருதியைக் குறைக்கச் சொல்லி எங்கே வேண்டுமானாலும் வருவேன். பாட்டை மாற்றாதே என்று சொல்ல மட்டும் வரமாட்டேன். நீங்கள் உருகி உருகிக் கேட்கிற பழைய பாட்டு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒரு நாட்டாண்மையைத் துண்டு உதற வைத்ததுதான். கோட்டைக்குள் கை தட்டினால் என்ன குறைந்துபோயிற்று? தட்டட்டும். எனக்குப் பீதி வந்தால் நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அந்தத் திருவிழாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வருடம் வேறு பாட்டுப் பாடினோம். அவ்வளவு நன்றாக வரவில்லை. சனத்தில் பாதிப்பேர்கூடப் பாடவில்லை. அதற்கு அடுத்த வருடம் இன்னொன்று பாடினோம்.